‘டார்க் சைட் ஆஃப் தி மூன்’ ஏன் இன்னும் கேட்கப்படுகிறது?

பிங்க் ஃபிளாய்ட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ‘தி டார்க் சைட் ஆஃப் தி மூன்’ (நிலவின் இருட்டுப் பக்கம்) 1973 மார்ச்சில் வெளிவந்தது. அதற்கு 30 ஆண்டுகள் கழித்துப் பிறந்த தம் மகள் அதைத் திரும்பத் திரும்பக் கேட்பதைப் பார்த்த நண்பர் ஒருவர், இந்த ஆல்பம் இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் விளம்பரமா, ஒலிப்பதிவின் தரமா, பழைய காலத்தின் மீதான ஏக்கமா என்று என்னிடம் கேட்டார். மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூன்றையும் கூட்டினாலும் அந்தப் பெண் ஏன் கேட்கிறாள் என்பதற்கு விடை கிடைக்காது. ஏக்கம் கொள்ள அவளுக்கு அந்தக் காலமே இல்லை. என் பதில் வேறு. யாருக்கும் நேரக்கூடிய சில அச்சங்களை எளிய சொற்களில் எடுத்துக்கொண்டு, அவற்றுள் ஒன்றையும் அவசரப்படுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் உரிய நேரத்தை இந்த ஆல்பம் தருகிறது. அந்த நிதானம் தற்செயலாக வந்ததன்று. ஓராண்டு மேடையில் பாடிப் பாடிப் பெற்றது.

முதலில் விளம்பரத்தைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் அது உண்மையிலேயே நடந்தது. அதுவரை வெளிவந்த பிங்க் ஃபிளாய்ட் ஆல்பம் எதுவும் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் 40 இடங்களுக்குள் வந்ததில்லை. அந்த நிலையை மாற்றியதில் பெரும்பங்கு பாஸ்கர் மேனனுடையது. திருவனந்தபுரத்தில் பிறந்து, கொல்கத்தாவில் இந்திய கிராமபோன் கம்பெனியை நடத்தி, 1971இல் அமெரிக்காவின் கேபிட்டல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தின் தலைமைக்கு வந்தவர் அவர். குழுவினர் இந்த ஆல்பத்தோடு கேபிட்டலை விட்டு வேறு நிறுவனத்துக்குப் போக முடிவு செய்திருந்தார்கள். அப்படியிருந்தும் இதை அமெரிக்கா முழுவதும் கொண்டுசேர்க்க மேனன் தம் நிறுவனத்தின் முழுப் பலத்தையும் செலவிட்டார். குழுவின் டிரம்ஸ் கலைஞர் நிக் மேசன் பிற்பாடு இதை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். அமெரிக்கப் பட்டியலில் அது முதலிடத்தில் இருந்தது ஒரே ஒரு வாரம்தான். பிரிட்டனில் இரண்டாம் இடத்தைத் தாண்டவே இல்லை. ஆனால் 1973க்கும் 1988க்கும் இடையில் அமெரிக்கப் பட்டியலின் 200 இடங்களுக்குள் 741 வாரங்கள் இருந்தது. உலகெங்கும் 4.5 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருக்கும் என்பது மதிப்பீடு. விளம்பரத்தால் ஓர் ஆல்பத்தை முதல் வாரத்தில் உச்சிக்கு ஏற்ற முடியும். எழுநூறாவது வாரத்தில் கடைக்குப் போய்க் காசு கொடுத்து வாங்குகிறவரை எந்த விளம்பரமும் அங்கே கொண்டுபோய் நிறுத்தியிருக்காது.

ஒலித்தரத்துக்கும் அதே கதைதான். 1970களில் மேலை நாட்டு வீடுகளுக்குள் ஸ்டீரியோ கருவிகள் நுழைந்தபோது, கருவியின் திறமையைக் காட்ட வியாபாரிகள் போட்டுக்காட்டிய இசைத்தட்டுகளில் இது முக்கியமானது. குறுந்தகடு வந்தபோது ஏற்கெனவே வைத்திருந்தவர்கள் இரண்டாம் முறை வாங்கினார்கள். லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடமும், அங்கே ஒலிப்பொறியாளராக இருந்த ஆலன் பார்சன்ஸும் அந்தப் புகழுக்கு முற்றிலும் தகுதியானவர்கள். ஆயினும் அன்று 16 தடங்கள் கொண்ட ஒலிநாடாவில் அவர்கள் பாடுபட்டுச் செய்ததை இன்று ஒரு கல்லூரி மாணவர் மடிக்கணினியில் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடுவார். வியப்பு போய்விட்டது. வியப்பு போன பிறகும் ஆல்பம் நிற்கிறது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

ஆல்பம் தொடங்கிய இடத்துக்குப் போவோம். இந்தக் குழுவை முதலில் முன்னின்று நடத்தியவர் சிட் பாரெட். பாடல்களை எழுதியவர், பாடியவர், குழுவுக்கு முகமாக இருந்தவர். மனநிலை சிதைந்து, 1968இல் குழுவிலிருந்து விலகினார். எஞ்சிய நால்வரும், அதாவது ரோஜர் வாட்டர்ஸ், டேவிட் கில்மர், ரிச்சர்ட் ரைட், நிக் மேசன் ஆகியோர், ஒரு நண்பன் கண்ணெதிரே கரைந்துபோனதைப் பார்த்தவர்கள். 1971இன் கடைசியில் மேசனின் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து, மனிதனை நெருக்கிப் பைத்தியத்தின் விளிம்புக்குத் தள்ளுபவை எவை என்று ஒரு பட்டியல் போட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் காலம், பணம், ஓயாத பயணம், வன்முறை, சாவு, புத்தி பேதலிப்பு. அந்தப் பட்டியல்தான் ஆல்பம். இதில் ஒரு காதல் பாட்டுகூட இல்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கதாநாயகன் இல்லை, கதை இல்லை, 1970களுக்கு மட்டுமே உரிய அரசியல் பெயரோ நிகழ்ச்சியோ இல்லை. எழுதியவரின் ஊரும் ஆண்டும் தெரியாமலேயே ஒருவர் இதற்குள் நுழையலாம்.

சொற்கள் முழுவதையும் வாட்டர்ஸ் எழுதினார். குழுவின் ஆல்பம் ஒன்றில் எல்லாச் சொற்களும் அவருடையவையாக அமைந்தது இதுவே முதல் முறை. பாடல் வரிகளை உறையில் அச்சிட்டதும் இதுவே முதல் முறை. அதுவரை அவர்கள் பாட்டுகளில் இருந்த விண்வெளியும் புகைமூட்டமும் விலகி, எவருக்கும் விளங்குகிற பேச்சு வந்தது. இப்படி எளிமையாக எழுதினால் சிறுபிள்ளைத்தனம் என்பார்களோ என்ற தயக்கம் எந்த எழுத்தாளனுக்கும் வரும். சில வரிகள் உண்மையிலேயே அந்த எல்லையைத் தொட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. அந்தத் துணிவுக்காகவே நான் அவரை மதிக்கிறேன்.

‘டைம்’ என்ற பாட்டை மட்டும் நெருங்கிப் பார்ப்போம், ஏனென்றால் நான் சொல்லும் நிதானம் எப்படி வேலை செய்கிறது என்பது இதில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். வாட்டர்ஸுக்கு அப்போது வயது 28, 29. பள்ளி, படிப்பு, பயிற்சி எல்லாமே பின்னால் வரப்போகும் வாழ்க்கைக்கான ஆயத்தம் என்று நம்பி வளர்ந்தவர், அந்த வாழ்க்கை எப்போதோ தொடங்கிவிட்டது, தாம் அதன் நடுவில் நிற்கிறோம் என்று ஒருநாள் உணர்ந்ததாகச் சொல்லியிருக்கிறார். பாட்டின் பொருள் அதுதான். பாட்டின் தொடக்கத்தில் அலறுகிற கடிகாரங்களைப் பார்சன்ஸ் ஒரு பழம்பொருள் கடையில் தனித்தனியாகப் பதிவுசெய்து வைத்திருந்தார், வேறொரு ஒலிச் செயல்விளக்கத்துக்காக. அவை அடங்கியதும் பாட்டு தொடங்கிவிடுவதில்லை. கடிகாரத் துடிப்பைப் போன்ற ஒரு தட்டல், ஆழத்தில் ஓரிரு கனத்த சுரங்கள், அவற்றுக்கிடையே மேசன் ரோட்டோடாம் என்ற சுருதி சேர்த்த முரசுகளில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தட்டுவது. தட்டிவிட்டு நிறுத்துகிறார். மறுபடி தட்டுகிறார். ஏறத்தாழ இரண்டரை நிமிடம் மனிதக் குரலே கிடையாது. கேட்பவர், பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்துக்கொண்டே இருக்கிறார். பிறகு கில்மரின் குரல் வெடித்து வந்து, பொழுதை இப்படித்தான் நீ வீணாக்கிக்கொண்டிருக்கிறாய், தொடக்கத்துக்கான வெடி எப்போதோ வெடித்துவிட்டது என்று சொல்லும்போது, காத்திருப்பதைப் பற்றிய பாட்டுக்காக நாமே காத்திருந்தோம் என்பது உறைக்கிறது. 19 வயதில் கேட்கும்போது இது ஒரு நல்ல முன்னுரை. 45 வயதில் அதே இரண்டரை நிமிடத்தைக் கேட்பது வேறு அனுபவம். பாட்டில் ஒன்றும் மாறவில்லை, கேட்கிறவர் மாறியிருக்கிறார்; அந்த மாற்றத்துக்கு இடம் விட்டுத்தான் அதைச் செய்திருக்கிறார்கள்.

இந்த நிதானத்தை ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்க முடியாது என்பது என் துணிபு. 1972 ஜனவரி 20ஆம் நாள் பிரைட்டன் நகரில் இதை முதன்முதலாக மேடையில் வாசித்தார்கள். ‘மணி’ (Money, அதாவது பணம்) என்ற பாட்டின்போது ஒலிநாடாக் கருவிகள் கோளாறாகி, நடுவிலேயே நிறுத்தவேண்டி வந்தது. அடுத்த மாதம் லண்டன் ரெயின்போ அரங்கில் பத்திரிகையாளர்கள் முன்னிலையில் வாசித்தார்கள். அதன்பின் ஓராண்டு இங்கிலாந்து, ஐரோப்பா, ஜப்பான், அமெரிக்கா என்று பல மேடைகள். ஒலிப்பதிவு 1972 மே கடைசியில் தொடங்கி, கச்சேரிகளின் இடைவெளிகளில் நடந்து, 1973 தொடக்கத்தில் முடிந்தது. ஆல்பம் கடைக்கு வருமுன்பே ஆயிரக்கணக்கானோர் அதைக் கேட்டுவிட்டிருந்தார்கள். அவர்கள் எங்கே அசைந்தார்கள், எங்கே உறைந்தார்கள் என்பதையும் நால்வரும் பார்த்துவிட்டிருந்தார்கள். தொடக்க மேடைகளில் பயணத்தைப் பற்றிய பகுதி கிட்டாரும் கீபோர்டும் சேர்ந்த நீண்ட வாசிப்பாக இருந்தது. சாவைப் பற்றிய பகுதி ஆர்கன் இசையின் மீது பைபிள் வாசகங்கள் ஓடும் ஒன்றாக இருந்தது. அவை இரண்டும் தூக்கியெறியப்பட்டன. முடிவும் முதலில் இல்லை. வாசித்துப் பார்த்தபோது ஏதோ குறைகிறது என்று கண்டு, வாட்டர்ஸ் இறுதிப் பாடலான ‘எக்லிப்ஸ்’ஸை எழுதிச் சேர்த்தார். நாடகக் குழுக்கள் ஒரு நாடகத்தை ஊர் ஊராக நடித்துத் தேய்த்து மெருகேற்றுவதற்கு ஒப்பான உழைப்பு இது. இன்று ராக் ஆல்பங்கள் பெரும்பாலும் முதலில் பதிவாகிப் பிறகே மேடைக்குப் போகின்றன. அந்த வரிசை மாறியதில் நாம் இழந்தது அதிகம் என்று நினைக்கிறேன்.

‘மணி’ பாட்டின் முகப்பில் வரும் சில்லறைச் சத்தம் எல்லோருக்கும் தெரியும். வாட்டர்ஸ் தம் வீட்டுத் தோட்டக் கொட்டகையில், மனைவி மண்பாண்டம் செய்யக் களிமண் பிசையும் கிண்ணத்தில் நாணயங்களை எறிந்து பதிவுசெய்தார். கல்லாப்பெட்டி திறக்கும் ஒலி, காகிதம் கிழியும் ஒலி என்று மற்றவை சேர்ந்தன. ஒவ்வொன்றும் பதிந்த காந்த நாடாவை அளவுகோல் வைத்து அளந்து, வெட்டி, ஒட்டி, வளையமாக்கிச் சுழலவிட்டார்கள். ஒரு நாடாத் துண்டின் நீளம்தான் ஓர் எண்ணிக்கையின் நீளம். ஏழு எண்ணிக்கைக்கு ஏழு துண்டு. அதன்மீது பேஸ் கிட்டாரும் அதே ஏழில் நடக்கிறது. ராக் இசையில் பெரும்பகுதி நாலின் கணக்கில் ஓடுவதால் மேலை நாட்டுக் கேட்போருக்கு இது ஒரு நொண்டல் போலத் தோன்றும். கர்நாடக இசையின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபு கேட்டுப் பழகிய காதுக்கு ஏழு அந்நியமில்லை. கில்மர் தம் கிட்டாரைத் தனித்து வாசிக்கும் இடத்தில் மட்டும் தாளம் நாலுக்கு மாறிப் பாய்ந்து ஓடுகிறது. முடிந்ததும் மறுபடி ஏழுக்குள் வந்து விழுகிறது. பேராசையைப் பற்றிய பாட்டுக்கு இந்த அரைகுறை நடை மிகவும் பொருந்துகிறது. அது சற்றும் சௌகரியமாக உட்காரவிடாது.

இசைத்தட்டாக இதைக் கேட்டவர்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. முதல் பக்கம் சாவைப் பற்றிய பாட்டோடு முடிகிறது. எழுந்து போய்த் தட்டைத் திருப்பிப் போட வேண்டும். ஊசி இறங்கியதும் காதில் விழுவது சில்லறை. சாவுக்கும் சில்லறைக்கும் நடுவே கேட்பவர் தம் காலால் நடந்து கடக்கும் அந்தச் சில நொடிகளும் ஆல்பத்தின் பகுதிதான் என்பேன். குறுந்தகட்டிலும் இணையத்திலும் அது போய்விட்டது. நான் முதலில் கேட்டதே அரைகுறையாகத்தான். 1980களின் இறுதியில் நண்பர் ஒருவர் 60 நிமிடக் கேசட்டில் பிரதியெடுத்துத் தந்தார். முதல் பக்கத்தில் நாடா மிஞ்சியிருக்கிறதே என்று அவர் தொடர்ந்து பதிந்ததில், ‘அஸ் அண்ட் தெம்’ பாட்டின் நடுவில் நாடா தீர்ந்துவிடும். பல ஆண்டுகள் அந்தப் பாட்டு அங்கே ஒருமுறை மூச்சு நின்று மறுபக்கத்தில் தொடர்வது என்றே என் காது நம்பிக்கொண்டிருந்தது. முழுதாகக் கேட்ட நாளில்தான், இது பத்துப் பாட்டுகளின் தொகுப்பு இல்லை, 43 நிமிடம் நீளும் ஒரே பாட்டு என்பது எனக்கு விளங்கியது.

முதல் பக்கத்தின் அந்தக் கடைசிப் பகுதியான ‘தி கிரேட் கிக் இன் தி ஸ்கை’ பற்றித் தனியே சொல்லாமல் இருக்க முடியாது. ரிச்சர்ட் ரைட்டின் பியானோ இருந்தது. மேலே என்ன வரவேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. பார்சன்ஸ் சொல்லி, 1973 ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிளேர் டோரி என்ற இளம் பாடகியை வரவழைத்தார்கள். வரிகள் இல்லை, மெட்டும் இல்லை. சாவைப் பற்றியது என்று மட்டும் சொன்னார்கள். வழக்கமாகப் பாடகர்கள் இடைவெளிகளில் போடும் கொஞ்சல் சொற்களை முதலில் பாடிப் பார்த்தார். சொற்களே வேண்டாம் என்றார்கள். தம் குரலை ஒரு வாத்தியமாக நினைத்துக்கொண்டு அவர் பாடினார். அலறல், கெஞ்சல், களைப்பு, கடைசியில் ஒரு சமாதானம். இரண்டு முழு முறையும் ஒரு பாதி முறையும் பாடிவிட்டு, அளவு மீறிப் போய்விட்டேனோ என்று கூச்சத்தோடு மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். கூலி 30 பவுண்டு. தம் குரல் பயன்பட்டதே, கடையில் ஆல்பத்தின் உறையில் தம் பெயரைப் பார்த்தபோதுதான் அவருக்குத் தெரிந்தது. 2004இல் வழக்குத் தொடுத்தார். 2005இல் சமரசமாகி, இன்று அந்தப் பாட்டை இயற்றியவராக ரைட்டோடு அவர் பெயரும் சேர்ந்து வருகிறது. முன்பே செய்திருக்க வேண்டிய நீதி அது. அவர் பாடியதில் ஒரு சொல்கூட இல்லாததால், அதைப் புரிந்துகொள்ள ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டிய தேவையும் இல்லை. எந்த ஊர் ஒப்பாரியையும் கேட்டு வளர்ந்த ஒருவர் இங்கே வழி தவறமாட்டார்.

இசைக்கு நடுவே காற்றில் மிதந்து வரும் பேச்சுக் குரல்கள் இன்னொரு காரணம். வாட்டர்ஸ் கேள்விகளை அட்டைகளில் எழுதி வைத்து, கூடத்துக்கு வந்தவர்களையும் அங்கே வேலை செய்தவர்களையும் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பதில் சொல்லச் செய்தார். கடைசியாக எப்போது வன்முறையில் இறங்கினீர்கள்? அப்போது நியாயம் உங்கள் பக்கம் இருந்ததா? சாகப் பயமா? பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியும் அவர் மனைவி லிண்டாவும்கூட அப்போது அங்கே இருந்தார்கள், பதில் சொன்னார்கள். அந்தப் பதில்கள் பயன்படவில்லை. அவர்கள் நடிக்கிறார்கள், வேடிக்கையாகப் பேச முயல்கிறார்கள் என்று வாட்டர்ஸுக்குப் பட்டது. எடுத்துக்கொள்ளப்பட்டவற்றுள் முக்கியமானவை கட்டடத்தின் வாயிற்காவலர் ஜெரி ஓ’டிரிஸ்கோலின் குரலும், குழுவோடு சாமான்கள் ஏற்றிச் சென்றவர்களின் குரல்களும். உலகப் புகழ்பெற்றவரை விலக்கி வாயிற்காவலரை வைத்துக்கொண்ட அந்தத் தேர்வில் இந்த ஆல்பத்தின் குணம் முழுவதும் இருக்கிறது. சாகப் பயமில்லை, எப்படியும் ஒருநாள் போகத்தானே வேண்டும் என்று ஒரு சாதாரண மனிதர் சாதாரணமாகச் சொல்கிறார். அதற்குப் பிறகுதான் டோரியின் குரல் எழுகிறது.

‘அஸ் அண்ட் தெம்’மின் பியானோ, ரைட் முன்பு இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் ‘சாப்ரிஸ்கி பாயின்ட்’ படத்துக்காக அமைத்து, இயக்குநர் வேண்டாமென்று தள்ளிய ஒன்று. அது கிடந்து காத்திருந்து, போரைப் பற்றிய பாட்டாக இங்கே வந்து சேர்ந்தது. வாட்டர்ஸ் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது, 1944இல் இத்தாலியின் அன்சியோவில் அவருடைய தந்தை போரில் மாண்டார். பின்னால் உட்கார்ந்திருக்கும் தளபதியையும் முன்வரிசையில் சாகிறவர்களையும் பற்றிய அந்த வரிகளுக்குப் பின்னே அந்த இழப்பு இருக்கிறது. ஆனால் பாட்டில் தந்தையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மெதுவான டிரம்ஸ், டிக் பாரியின் சாக்ஸபோன், ஒவ்வொரு சொல்லும் பாடப்பட்ட பிறகு எதிரொலித்து எதிரொலித்துத் தேய்வது. இந்தப் பாட்டில் உள்ள வெற்றிடத்தின் அளவு வேறெந்த ராக் பாட்டிலும் நான் கேட்டதில்லை. வாட்டர்ஸின் கோபமான சொல்லும், ரைட்டின் மென்மையான சுரவரிசையும், கில்மரின் இதமான குரலும் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொண்ட காலம் இது. பின்னாளில் இவர்கள் பிரிந்து தனித்தனியே செய்தவற்றில் சொல் இருக்கும்போது இதம் இல்லை, இதம் இருக்கும்போது சொல் இல்லை.

குறையே இல்லையா என்றால், உண்டு. ‘ஆன் தி ரன்’ அன்று எட்டுச் சுரங்களைச் சின்தசைசரில் ஏற்றி வேகமாகச் சுழலவிட்டுச் செய்த அற்புதம்; இன்று அதில் காலத்தின் தூசு படிந்திருக்கிறது. ‘எனி கலர் யூ லைக்’ ஒரு பாலம் மட்டுமே. ஆல்பம் முழுவதிலும் ஒருவித வெள்ளைக்கார நடுத்தர வர்க்கச் சோர்வு இருக்கிறது என்ற குற்றச்சாட்டையும் நான் முற்றிலும் மறுக்கமாட்டேன். ஒளியை நிறங்களாகப் பிரிக்கும் அட்டையின் முப்பட்டகத்தைப் பற்றி அதிகம் எழுதிவிட்டார்கள். ஹிப்னாசிஸ் நிறுவனம் வடிவமைத்து ஜார்ஜ் ஹார்டி வரைந்த அந்தப் படத்தைக் குழுவினர் பார்த்த சில நிமிடங்களிலேயே தேர்ந்தெடுத்தார்கள் என்பதும், உறையின் முகப்பில் குழுவின் பெயரோ ஆல்பத்தின் பெயரோ இல்லாமலேயே விற்றது என்பதும் போதும்.

நண்பரே, உங்கள் மகளுக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். பாட்டுப் பாட்டாக நறுக்கிக் கேட்க வேண்டாம். 43 நிமிடத்தையும் ஒரே மூச்சில் கேட்கட்டும். ஆல்பம் ஓர் இதயத்துடிப்போடு தொடங்குகிறது, மேசனின் முரசிலிருந்து பிறந்த துடிப்பு. கடைசிக்கு முந்தைய பாட்டான ‘பிரெய்ன் டேமேஜ்’ சிட் பாரெட்டை நினைத்து எழுதப்பட்டது. நானும் உன்னோடு அந்த இருட்டுப் பக்கத்தில்தான் இருப்பேன் என்று அது அவருக்குச் சொல்கிறது. ‘எக்லிப்ஸ்’ எல்லாவற்றையும் அடுக்கிக்கொண்டே போய், சூரியனின் கீழ் உள்ள அனைத்தும் ஒழுங்காகத்தான் இருக்கின்றன, ஆனால் அந்தச் சூரியனை நிலவு மறைத்துவிட்டது என்று முடிகிறது. அத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்த வேண்டாம்; ஒலியைச் சற்றுக் கூட்டி வைக்கச் சொல்லுங்கள். அதே இதயத்துடிப்பு திரும்பி வரும். அதன் அடியில், தூரத்தில், வாயிற்காவலர் ஓ’டிரிஸ்கோலின் குரல், நிலவுக்கு இருட்டுப் பக்கம் என்று தனியாக ஒன்றும் கிடையாது, உண்மையில் அது முழுக்கவே இருட்டுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்.